பழைய கார் இன்ஜினை மாற்றியமைத்த பின் வரும் வால்வுத் தேய்மானம்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் ஆகிய ஊர்களின் பெரிய வீடுகளில், கார் கொட்டகைகளுக்குள் அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் இன்னும் ஓடும் நிலையில் இருக்கின்றன. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வெளியே வரும் இவ்வண்டிகளைப் புதுப்பிக்கக் கொடுக்கும்போது, பிக்கப்பையும் கொஞ்சம் கூட்டித் தரச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்காகச் செய்யப்படும் வேலைகளும் பெரும்பாலும் ஒன்றேதான்: சிலிண்டர்களை மூடும் ஹெட்டின் அடிப்பரப்பைச் சீவி (ஃபேஸிங்) கம்ப்ரஷனை உயர்த்துவார்கள், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டை மறுபடி கிரைண்ட் செய்து, வால்வு திறக்கும் உயரமான லிஃப்ட்டைக் கூட்டுவார்கள், இரட்டை வால்வு ஸ்பிரிங் போடுவார்கள், எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டரை மாட்டுவார்கள். முறையாகச் செய்தால் இவற்றில் எதுவும் தவறான வேலை அல்ல. ஆனால் ஒவ்வொன்றும், கேமிலிருந்து வால்வு வரை உள்ள ஏதோ ஒரு பாகத்தின் மீது, அந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு சுமையை ஏற்றிவிடுகிறது.

சத்தம் வந்தவுடன் தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்றினால், புதிய பாகமும் அதே இடத்தில் அதே விதமாகத் தேய்கிறது. எனவே பாகத்தை மாற்றுவதற்கு முன்பு, அதைத் தேய்த்தது முன்னர் செய்த எந்த மாற்றம் என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்கு நம்மிடம் உள்ள மிக நம்பகமான சாட்சி டேப்பட் இடைவெளி. ஒரே வால்வின் இடைவெளி நாளாக நாளாகக் கூடுகிறதா, குறைகிறதா என்ற ஒரு கேள்விக்கு விடை தெரிந்தால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கே சொல்வது, கீழே இருக்கும் கேமின் அசைவைப் புஷ்ராடு என்ற நீண்ட கம்பி மேலே கொண்டுபோகும் பழைய இன்ஜின்களுக்கு, அதாவது அம்பாசடரின் 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜினுக்கும் பத்மினியின் 1089 சி.சி. ஃபியட் வழி இன்ஜினுக்கும் பொருந்தும். பின்னாளில் அம்பாசடரில் வந்த 1800 சி.சி. இசுசு இன்ஜினில் கேம்ஷாஃப்ட் மேலே இருப்பதால் அதன் கதை வேறு. மேலே வால்வைத் தள்ளும் நெம்புகோலான ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் வைக்கும் அளவை டேப்பட் இடைவெளி என்றும், கீழே கேமின் மீது உட்கார்ந்து ஏறி இறங்கும் உருளையை ஃபாலோயர் என்றும் எழுதுகிறேன்.

எதையும் கழற்றுவதற்கு முன்பு

ஒரு நோட்டில் எட்டு வால்வுகளுக்கும் எட்டுக் கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எதையும் திருகாமல், இப்போது இருக்கும் இடைவெளியை அப்படியே அளந்து எழுதுங்கள். பெரும்பாலான பட்டறைகளில் விட்டுப்போகும் வேலை இதுதான். இடைவெளி அளக்கும் தகடான ஃபீலர் கேஜைக் கையில் எடுத்தவுடனேயே திருகிச் சரிசெய்துவிடுகிறார்கள், பழைய அளவு என்ன என்பது அதோடு மறைந்துபோகிறது.

எந்த வால்வை எப்போது அளப்பது என்பதற்கு ஒன்பது என்ற கூட்டுத்தொகை போதும். ரேடியேட்டர் பக்கத்திலிருந்து எண்ணினால், 8ஆம் வால்வு முழுவதும் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வை அளக்க வேண்டும். 6ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3ஆம் வால்வு. இப்படி இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது வரும். 1489 சி.சி. இன்ஜினின் மூலக் கேமுக்கு, இன்ஜின் சூடாக இருக்கையில் 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர், என்பது வழக்கமான அளவு. மறுபடி கிரைண்ட் செய்த கேமுக்கு இந்த அளவு பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேமில் வால்வைத் தூக்கும் மேடான லோப்பின் இரு பக்கங்களிலும் வால்வை மெல்லத் தூக்கி மெல்ல இறக்குவதற்கென ஒரு சரிவு இருக்கிறது. இடைவெளி அந்தச் சரிவின் உயரத்தை மிஞ்சினால் ராக்கர் வால்வைத் தள்ளுவதற்குப் பதிலாக அடிக்கத் தொடங்கும். ஆகவே கேமை கிரைண்ட் செய்து கொடுத்தவரிடமிருந்து இடைவெளி எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். அவரால் அதைச் சொல்ல முடியவில்லை என்றால், அந்தக் கேமை இன்ஜினில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

அளக்கும்போது ஒரு பொய்க்கணக்கு நம்மை ஏமாற்றும். ராக்கரின் நுனியில், வால்வுத் தண்டின் தலை வந்து இடிக்கும் இடத்தில், நாளடைவில் ஒரு சிறு குழி விழுகிறது. விளக்கொளியைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், பளபளப்பான நுனியின் நடுவே தண்டின் அகலத்துக்கு ஒரு நிழல் தெரியும். ஃபீலர் கேஜின் தட்டையான தகடு அந்தக் குழிக்குள் இறங்காமல் இரு கரைகளையும் பாலம்போலத் தொட்டு நிற்பதால், 15 தௌ (தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று நாம் வைத்த இடைவெளி உண்மையில் 20 தௌவுக்கு மேலாகவும் இருக்கலாம். எத்தனை முறை செட் செய்தாலும் டேப்பட் சத்தம் போகாத வண்டியில், முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குழியைத்தான். ராக்கர் நுனியை அதன் வளைவு கெடாமல் கிரைண்ட் செய்து குழியைப் போக்கலாம். கடினப்படுத்திய மேல்தோல் போய்விடும் அளவுக்குக் குழி ஆழமாக இருந்தால் ராக்கரையே மாற்ற வேண்டும்.

ஒரே வால்வின் இடைவெளி மீண்டும் மீண்டும் கூடுகிறது

இது எல்லாவற்றிலும் அவசரமான அறிகுறி. செட் செய்து சில நூறு கிலோமீட்டருக்குள் ஒரு வால்வு மட்டும் மறுபடி விரிந்துகொடுக்கிறது என்றால், கேம் லோப்பும் ஃபாலோயரும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன என்று முதலில் சந்தேகியுங்கள். "அண்ணே, கொஞ்சம் டைட் வச்சா சத்தம் நின்னுரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. சத்தம் நிற்கும், தேய்மானம் நிற்காது. உதிரும் இரும்புத்தூள் ஆயிலோடு சுற்றி, கிராங்க் பேரிங்குகளில் போய்ப் பதிந்துவிடும்.

உறுதிப்படுத்த ராக்கரைக் கழற்றிவிட்டுப் புஷ்ராடின் தலையில், நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வையுங்கள். ப்ளக்குகளை எடுத்துவிட்டு கிராங்க்கைக் கையால் சுற்றி, எட்டு லோப்புகளின் லிஃப்ட்டையும் அளந்து எழுதுங்கள். இன்லெட் நான்கும் தங்களுக்குள், எக்ஸாஸ்ட் நான்கும் தங்களுக்குள் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் அந்த லோப் தேயத் தொடங்கிவிட்டது. அம்பாசடரில் ராக்கரைக் கழற்றும்போது ஒரு கவனம் தேவை. ராக்கர் தாங்கிகளைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்தே பிடித்திருப்பவை. அவற்றை மட்டும் தளர்த்தினால் ஹெட் கோணலாக இழுத்துக்கொள்ளும். கூலன்ட்டை வடித்துவிட்டு, எல்லா ஹெட் நட்டுகளையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும்.

அடுத்து மேனிஃபோல்டைக் கழற்றினால், பிளாக்கின் பக்கத்தில் தகட்டு மூடிகள் தெரியும். புஷ்ராடுகளை எடுத்தபின் இந்த மூடிகள் வழியாக ஃபாலோயர்களை விரலாலேயே தூக்கிவிடலாம். கேமை வெளியே எடுக்கத் தேவையில்லை. இந்த இன்ஜினுக்குரிய இந்த வசதியைப் பயன்படுத்தாமல் முழு இன்ஜினையும் இறக்குவது வீண் செலவு. ஃபாலோயரின் அடிமுகத்தைப் பார்த்தவுடனேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும். முகம் முழுவதும் வட்ட வட்டமாக மெல்லிய தேய்வு இருந்தால் அது சுற்றிக்கொண்டு வேலை செய்திருக்கிறது, நல்லது. ஒரே திசையில் பட்டையாகக் கோடு விழுந்திருந்தால் அது சுற்றாமல் நின்றிருக்கிறது. முகத்தின் நடுவில் குழிவு இருந்தாலோ, அம்மைத் தழும்புபோலப் பொரிந்திருந்தாலோ, அந்த ஃபாலோயரோடு அதன் லோப்பும் முடிந்தது.

ஃபாலோயர் ஏன் சுற்ற வேண்டும்? அதன் அடிமுகம் தட்டையாகத் தெரிந்தாலும் மிக மெல்லிய குவிவு உடையது; லோப்பின் மையத்திலிருந்து சற்று விலகியும் உட்கார்ந்திருக்கிறது. இதனால் லோப் ஒவ்வொரு முறை தொடும்போதும் அது சிறிது திரும்புகிறது. உரசல் ஒரே கோட்டில் விழாமல் பரவுகிறது. மறுபடி கிரைண்ட் செய்த கேமோடு பழைய, குவிவு தேய்ந்த ஃபாலோயர்களைப் போட்டால் இந்தச் சுழற்சி நின்றுவிடும். புதிய கேம் என்றாலும் கிரைண்ட் செய்த கேம் என்றாலும் ஃபாலோயர்களும் புதிதாகவோ, முகத்தை முறைப்படி கிரைண்ட் செய்தவையாகவோ இருக்க வேண்டும். பழைய கேமும் பழைய ஃபாலோயர்களும் அப்படியே தொடருமானால், ஒவ்வொன்றும் முன்பிருந்த துளைக்கே திரும்ப வேண்டும். கழற்றும்போதே எண் குறித்து வைக்காதவர் அனைத்தையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

கடையில் வாங்கும் ஃபாலோயர்களின் கடினத்தன்மையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றபிறகு, சென்னை புதுப்பேட்டையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வாங்கி வரும் பாகங்களில் பழைய இருப்பும் பிறகு வார்க்கப்பட்டதும் கலந்தே இருக்கின்றன. ராக்வெல் கடினத்தன்மை அளக்கும் கருவி பொறியியல் கல்லூரிகளின் ஆய்வகங்களில் இருப்பதுதான். வாங்கிய தொகுப்பிலிருந்து ஒன்றைக் கொடுத்து அளந்து பார்ப்பது, கேமைப் பலிகொடுத்துத் தெரிந்துகொள்வதைவிட மலிவு. ராக்வெல் சி அளவில் 50ஐயும் எட்டாத ஃபாலோயரை இன்ஜினில் ஏற்றாதீர்கள்.

சுற்றிக்கொண்டிருந்த நல்ல ஃபாலோயரும் தேய்ந்திருந்தால், ஸ்பிரிங்கையும் ஆயிலையும் பாருங்கள். இரட்டை ஸ்பிரிங் போட்டவுடன் லோப்பின் உச்சியில் விழும் அழுத்தம் பெரிதும் கூடுகிறது. உலோகத்தோடு உலோகம் ஒட்டாமல் அந்த அழுத்தத்தைத் தாங்குவது, ஆயிலில் சேர்க்கப்படும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். அது சூட்டிலும் அழுத்தத்திலும் லோப்பின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. இப்போதைய பெட்ரோல் கார்களில் எக்ஸாஸ்ட் குழாயிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுப்பதால், 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் அதன் அளவு 600 முதல் 800 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரை என்று கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 போன்ற தடித்த ஆயில்களுக்கு அந்த உச்சவரம்பு பொருந்துவதில்லை. கன ரக டீசல் இன்ஜின்களுக்கான சி.ஐ.-4 வகை 15டபிள்யூ-40 ஆயில்களில் பாஸ்பரஸ் பொதுவாக 1000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கும். ஆகவே "உயர்ந்த ரகம்" என்று விலை கூடிய மெல்லிய சிந்தெடிக் ஆயிலைப் பழைய இன்ஜினில் ஊற்றுவது, அக்கறையோடு செய்கிற கெடுதல். அதேபோல, துத்தநாகச் சேர்மத்தைத் தனிப் புட்டியில் வாங்கி அளவில்லாமல் ஊற்றுவதும் வேண்டாம். ஒரு வரம்புக்கு மேல் அது பாதுகாப்பைக் கூட்டுவதில்லை.

செட்டிநாட்டு வண்டிகளுக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வண்டி மாதக்கணக்கில் நின்றுகொண்டே இருக்கிறது. நிற்கும் இன்ஜினில் லோப்புகளிலிருந்து ஆயில் முழுவதும் வடிந்துவிடுகிறது. மழைக்கால ஈரத்தில் லோப்பின் மீது மெல்லிய துரு படர்கிறது. பிறகு ஒருநாள் செல்ஃப் அடித்தவுடன், அந்தத் துருவே உப்புத்தாளாக மாறி முதல் நிமிடத்தில் வேலையைக் காட்டுகிறது. வண்டியைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லிவைப்பது தீர்வாகாது. ஐந்து நிமிடத்தில் ஆயில் சூடேறாமல், உள்ளே நீராவி சேர்ந்து நிலைமை மோசமாகும். மாதம் ஒருமுறை காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி வரை போய்த் திரும்பும் அளவுக்காவது ஓட்ட வேண்டும்.

இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது

சத்தம் குறைவதால் இதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்பவர்கள் அதிகம். உண்மையில் வால்வு, தான் மூடி உட்காரும் விளிம்பான சீட்டுக்குள் புதைந்துகொண்டிருக்கிறது. இடைவெளி முழுவதும் அடைந்துபோனால் வால்வு மூடாது; மூடாத எக்ஸாஸ்ட் வால்வு சூட்டை இறக்கி வைக்க இடமில்லாமல் விளிம்பில் எரிந்துபோகும்.

அம்பாசடரின் ஹெட் வார்ப்பிரும்பு. வால்வு சீட் அந்த இரும்பிலேயே வெட்டப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில், ஈயத்தின் படிவு சீட்டுக்கும் வால்வுக்கும் நடுவே மெத்தையாக இருந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்த பிறகு அந்த மெத்தை இல்லை. கடும் சூட்டில் சீட்டின் நுண்துகள்கள் வால்வு முகத்தோடு ஒட்டிப் பிய்ந்து வருகின்றன. ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடும் வண்டியில் இது அவ்வளவாக நடப்பதில்லை. கம்ப்ரஷன் கூட்டி, வலுவான ஸ்பிரிங் போட்டு, திருச்சி–இராமேசுவரம் சாலையில் தொடர்ந்து 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டத் தொடங்கினால் எக்ஸாஸ்ட் சீட்டுகள் வேகமாகப் புதையும். கார்புரேட்டர் கலவை காற்று மிகுந்து இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். இப்போது வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜனும் சேர்ந்தே இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவை தானாகவே மெலிந்துவிடுகிறது. ஆகவே சீட்டை மாற்றுவதோடு, மெயின் ஜெட்டையும் இக்னிஷன் டைமிங்கையும் சரிபார்த்தால்தான் வேலை முழுமையாகும்.

தீர்வு, எக்ஸாஸ்ட் சீட்டுகளுக்காவது கடினப்படுத்திய உலோக வளையங்களைப் பதிப்பது. இதை ஹெட் வேலையில் பழக்கமுள்ள லேத் பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். பழைய ஹெட்டின் சுவர் உள்ளே துருவால் மெலிந்திருக்கும் என்பதால், வளையத்துக்குக் குழி வெட்டும்போது தண்ணீர் வழி திறந்துவிடும் அபாயம் உண்டு. வெட்டிய பிறகு ஹெட்டை அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். சீட்டின் அகலம் எக்ஸாஸ்ட்டுக்கு 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். கூர்மையாகத் தெரிய வேண்டும் என்று அதை மெலிதாக வெட்டினால், வால்வின் சூடு ஹெட்டுக்கு இறங்கும் வழி குறுகிவிடும்.

பத்மினியின் ஹெட் அலுமினியம் என்பதால் வளையங்கள் முதலிலிருந்தே இருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டியது, எப்போதோ ஒருமுறை அதிகமாகச் சூடேறியதில் வளையம் பிடி தளர்ந்திருக்கிறதா என்பது.

கார்புரேட்டர் வழியாகத் தும்முகிறது, ஒரு சிலிண்டர் சோர்ந்திருக்கிறது

கார்புரேட்டரில் 'டப் டப்' என்று தும்மல் வந்தால் எல்லோரும் ஜெட்டைச் சுத்தம் செய்வார்கள், பாயின்ட்டை மாற்றுவார்கள். அவை சரியாக இருந்தும் தும்மல் நீடித்தால் எக்ஸாஸ்ட் லோப்புகளை அளந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் லோப் மழுங்கிவிட்டால் எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் சிலிண்டருக்குள் தங்கி, இன்லெட் வால்வு திறந்த கணத்தில் கார்புரேட்டர் பக்கம் பாய்கிறது. இன்லெட் லோப் மழுங்கினால் தும்மல் இருக்காது. அந்தச் சிலிண்டர் சத்தமில்லாமல் சோர்ந்திருக்கும்.

கம்ப்ரஷன் அளவு இங்கே பொய் சொல்லலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். வால்வு சீட்டும் ரிங்கும் நன்றாக இருந்து எக்ஸாஸ்ட் லோப் மட்டும் தேய்ந்திருந்தால் கேஜ் நல்ல எண்ணையே காட்டும். இன்லெட் பக்கத்தின் உறிஞ்சலை அளக்கும் வேக்கம் கேஜ் இன்னும் பேசும்: ஸ்லோ ரன்னிங்கில் முள் ஒரே தாளத்தில் சட்டென்று விழுந்து எழுந்தால், ஒரு வால்வு எரிந்திருக்கிறது அல்லது மூடவில்லை; ஸ்லோ ரன்னிங்கில் வேகமாக நடுங்கி, ரேஸ் கொடுத்தவுடன் நிலைபெற்றால், வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருக்கிறது; ரேஸ் ஏற ஏற நடுக்கம் கூடினால் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது. லிஃப்ட்டும் திறப்பு நேரமும் கூட்டிய கேமில் முள் இயல்பாகவே தாழ்ந்தும் சற்று அலைந்தும் நிற்கும். அதனால் வேலை முடித்த அன்றே நல்ல நிலையில் முள் எங்கே நின்றது என்று எழுதி வைத்திருப்பவருக்குத்தான் இந்தச் சோதனை முழுப் பயன் தரும்.

மேலே எல்லா வால்வுகளும் சேர்ந்து சத்தம் போடுகின்றன

ஒரு வால்வு மட்டுமல்லாமல் மேல்பகுதி முழுவதும் கலகலவென்று கேட்டால், ராக்கர் ஷாஃப்ட்டுக்கு ஆயில் சரியாகப் போகவில்லை. ராக்கர் மூடியைத் திறந்து ஸ்லோ ரன்னிங்கில் விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு ராக்கரின் பக்கத்திலும் ஆயில் கசிந்து நனைந்திருக்க வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தில் நகத்தை நீளவாக்கில் ஓட்டினால், ராக்கர் உட்கார்ந்த இடமெல்லாம் படிபோல நகத்தில் இடறும். மேல்பக்கம் புதிதுபோல மழமழவென்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. புஷ்ராடு ஒரு முனையையும் ஸ்பிரிங் மறுமுனையையும் மேல்நோக்கித் தள்ளுவதால், ராக்கர் ஷாஃப்ட்டை அழுத்துவது எப்போதும் கீழிருந்துதான்.

இதற்குக் காரணமாகும் மாற்றம் ஒன்று உண்டு. ஹெட்டை ஃபேஸிங் செய்தபின் புஷ்ராடு நீளமாகிவிட்டதுபோல ஆகிறது. அதைச் சரிக்கட்ட ராக்கர் தாங்கிகளுக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைக்கிறார்கள். தாங்கிகளில் ஒன்றின் வழியாகத்தான் ஆயில் மேலே ஏறுகிறது. அந்தத் தாங்கியின் ஷிம்மில் துளை போடாமல் விட்டால் முழு ஷாஃப்ட்டும் வறண்டுபோகும். ஷாஃப்ட்டைத் திருப்பி மாட்டி, ஆயில் துளைகள் மேல்நோக்கிப் போய்விட்டாலும் இதே விளைவுதான்.

வண்டி நின்றிருந்து கிளம்பும்போது நீலப் புகை

வால்வு கைடு தேய்ந்தால், கிளம்பும்போதும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போதும் நீலப் புகை வரும். தொடர்ந்து புகைந்தால் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள்.

கைடு தேய்வதற்கு நம் பகுதியில் பெரிய காரணம் செம்மண் தூசி. திறந்த கூம்பு ஃபில்டர்களில் சல்லடைபோல இருப்பவை இந்த நுண்தூசியைத் தடுப்பதில்லை. வேகத்துக்காக மாட்டிய ஃபில்டர் கைடையும் ரிங்கையும் சேர்த்தே அரைக்கிறது. கார்புரேட்டரின் வாயில் உள்பக்கமாக விரலைத் தடவி, விரலில் செந்நிறம் ஒட்டினால் அன்றே அந்த ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். பழைய எண்ணெய்த் தொட்டி ஃபில்டரோ, தடித்த காகித ஃபில்டரோ இழக்கச் செய்யும் பிக்கப் மிகச் சிறிது.

இரண்டாவது காரணம் ராக்கரின் கோணம். லிஃப்ட் பாதியில் இருக்கும்போது ராக்கர் நுனி வால்வுத் தண்டின் நடுவில் நிற்க வேண்டும். ஹெட்டை ஃபேஸிங் செய்தாலோ, கேமின் அடிவட்டம் (மேடு இல்லாத வட்டப் பகுதி) கிரைண்டிங்கில் குறைந்தாலோ இந்த நிலை மாறி, ராக்கர் தண்டைக் கீழே தள்ளுவதோடு பக்கவாட்டிலும் தள்ளும். தண்டின் தலையில் மார்க்கர் மையைப் பூசி, கையால் சில சுற்றுகள் சுற்றிப் பார்த்தால், அழிந்த பட்டை நடுவில் இருக்கிறதா, விளிம்புக்கு ஒதுங்கிவிட்டதா என்று தெரிந்துவிடும். ஒதுங்கியிருந்தால் ஷிம்மாலோ, சரியான நீளமுள்ள புஷ்ராடாலோ அதைத் திருத்திய பிறகே புதிய கைடு போட வேண்டும்.

மேல் ரேஸில் இன்ஜின் தடுமாறுகிறது, புஷ்ராடு வளைந்துவிட்டது

மேல் ரேஸில் ஒரே ஆர்.பி.எம்.மில் எப்போதும் திணறினால், ஸ்பிரிங் வால்வைக் கேமோடு சேர்த்து இறக்க முடியாமல் பின்தங்குகிறது. இதற்கு வலுவான ஸ்பிரிங் போடலாம் என்பது பாதி உண்மை. லிஃப்ட் கூட்டிய கேமோடு நீளமும் சுற்றும் அதிகமுள்ள ஸ்பிரிங் போட்டால், வால்வு முழுவதும் திறக்கும்போது ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொள்ளும்; அந்தக் கணத்தில் ஸ்பிரிங் ஒரு இரும்புக் குழாய்தான். வளைவது புஷ்ராடு, தேய்வது லோப்பின் உச்சி. முழுத் திறப்பில் சுற்றுகளுக்கு நடுவே மொத்தமாக 1.5 மில்லிமீட்டராவது மீதி இருக்க வேண்டும். ஸ்பிரிங் தொப்பிக்கும் கைடின் தலைக்கும் நடுவிலும் அவ்வளவு இடம் தேவை. ஹெட்டை அதிகமாக ஃபேஸிங் செய்திருந்தால் பிஸ்டனின் தலையில் களிமண் வைத்து, ஹெட்டை மாட்டி, இரண்டு சுற்றுக் கையால் சுற்றி எடுத்துக் களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள்: இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மில்லிமீட்டர் என்பது பாதுகாப்பான குறைந்தபட்ச அளவு.

நீண்டகாலம் நின்ற வண்டி ஸ்டார்ட் செய்தவுடனேயே புஷ்ராடை வளைத்தால் ஸ்பிரிங்கைக் குறை சொல்ல வேண்டாம். பழைய பெட்ரோலின் பிசின் வால்வுத் தண்டைக் கைடோடு ஒட்டவைத்திருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் செல்ஃபைத் தொடுவதற்கு முன்பே ராக்கர் மூடியைத் திறந்து, ஒவ்வொரு வால்வையும் மரச் சுத்தியலின் பிடியால் அழுத்தி, அது தானாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய கேமை முதன்முதலில் ஓட்டுவது

மேலே சொன்ன எல்லாவற்றையும் திருத்திய பிறகும், புதிய கேமின் ஆயுள் முதல் இருபது நிமிடங்களில் தீர்மானமாகிறது. லோப்புகளிலும் ஃபாலோயர் முகங்களிலும் மாலிப்டினம் கலந்த பசையைத் தாராளமாகப் பூசுங்கள். ஃபாலோயரின் பக்கவாட்டில் சாதாரண ஆயில் போதும். இரட்டை ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு வெளி ஸ்பிரிங்குகளை மட்டும் வைத்து முதல் ஓட்டத்தை முடிப்பது நல்லது. ஆயில் பிரஷர் கேஜ் இணையும் துளை வழியாக ஆயிலை அழுத்தி ஏற்றி, ஃபில்டரையும் வழிகளையும் முன்னதாகவே நிரப்பிவிடுங்கள். செல்ஃப் அடித்து அடித்துப் பிரஷர் வரவழைக்க முயன்றால் பூசிய பசை முழுவதும் துடைபட்டுப் போகும். டைமிங்கும் கார்புரேட்டரும் முதல் அடியிலேயே பிடிக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

பிடித்தவுடன் ஸ்லோ ரன்னிங்கில் விடாமல் 2000க்கும் 2500க்கும் இடைப்பட்ட ஆர்.பி.எம்.மில், சற்று ஏற்றி இறக்கியபடி இருபது நிமிடம் ஓட்டுங்கள். மெதுவாக ஓடும்போது லோப்பின் மீது ஆயில் தெறிப்பது குறைவு, உச்சியின் அழுத்தமோ அதிகம். சித்திரை வெயிலில் இதைச் செய்வதாக இருந்தால் அதிகாலையில் தொடங்குங்கள்; ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு பெரிய ஃபேனும் வையுங்கள். நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓடும்போது சூடேறி, நடுவில் அணைக்க நேரிட்டால், ஆறிய பின் விட்ட நிமிடங்களை அதே ஆர்.பி.எம்.மில் முடிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ராக்கர் மூடியைத் திறந்து புஷ்ராடுகளைக் கவனியுங்கள். எட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தால் ஃபாலோயர்களும் கீழே சுழல்கின்றன. ஒன்று மட்டும் சுழலாமல் ஏறி இறங்கினால் உடனே அணைத்துவிட்டு அந்த ஃபாலோயரை வெளியே எடுங்கள்.

முடிந்தவுடன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டெடுத்தால் சாம்பல் நிறப் பசையாக மென்தூள் ஒட்டுவது இயல்பு. மின்னும் செதில்கள் ஒட்டினால் மேற்கொண்டு ஓட்டாமல் லிஃப்ட்டை மறுபடி அளக்க வேண்டும். உள் ஸ்பிரிங்குகளைப் பொருத்தி, ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் வைத்து, எட்டு இடைவெளிகளையும் நோட்டில் எழுதுங்கள். 500 கிலோமீட்டரிலும் 1500 கிலோமீட்டரிலும் திருகுவதற்கு முன் அளந்து அதே பக்கத்தில் எழுதுங்கள். மூன்று வரிசைகளும் 2 தௌவுக்குள் ஒத்துப்போனால் இன்ஜினை உரியவரிடம் ஒப்படைக்கலாம்.